பழைய லேப்டாப்பில் லினக்ஸ் பழகியது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை, அதாவது பாதுகாப்பு அப்டேட்டுகளை, மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. என்னுடையது ஏழாம் தலைமுறை இன்டெல் புராசசர். விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். கீபோர்டும் திரையும் நன்றாக இருக்கிற லேப்டாப்பை ஓரங்கட்ட மனம் வரவில்லை. பதிப்பகங்களுக்குத் தமிழ்த் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். அதை, விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸில் செய்ய முடியுமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. நான் லினக்ஸ் மின்ட் 22-ஐ, சினமன் என்ற திரைத்தோற்றம் கொண்ட பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டியது, 2029 வரை அப்டேட் வரும். ரூஃபஸ் என்ற மென்பொருளைக் கொண்டு அதைப் பென் டிரைவில் ஏற்றி, எஃப்12 அழுத்தி அதிலிருந்தே பூட் செய்தேன். ஹார்ட் டிஸ்கில் எதையும் தொடாமல் முழு லினக்ஸும் ஓடும். மாற நினைக்கிறவர்கள் இந்தக் கட்டத்தில் நிதானமாக இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் தெரிகிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

எனக்கு எல்லாம் வந்தது. ஆனால் விண்டோஸின் டி டிரைவைத் திறந்தால் படிக்க முடிந்தது, எதையும் சேமிக்க முடியவில்லை. விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும்வரை, ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக நிற்பதில்லை. பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அப்போது அந்த டிரைவில் எழுதினால் கோப்புகள் கெடலாம் என்பதால் லினக்ஸ் கையை வைப்பதில்லை. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்ததும் சரியாகிவிட்டது. பிறகு எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுத்து, விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே மின்ட்டை நிறுவினேன். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னால் முடிந்துவிடும்.

புரிந்துகொள்ள நேரம் எடுத்தது கோப்புகளின் இருப்பிடம். சி, டி என்று தனித்தனி டிரைவ்கள் இங்கே கிடையாது. ஒரே வேர், அதற்குக் குறி ஒரு சாய்கோடு (/). எல்லாம் அதற்குக் கீழேதான். நம் கோப்புகள் ‘ஹோம்’ என்ற ஃபோல்டருக்குள் நம் பெயரில் இருக்கும், செருகிய பென் டிரைவ் ‘மீடியா’வுக்குள் வந்து உட்காரும். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னலில், அடிக்கும் கட்டளைகளின் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்கிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் முதலில் இந்த மரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அது பிடிபட்டால் எல்எஸ் (பட்டியலிட), சிடி (ஃபோல்டர் மாற), சிபி (நகலெடுக்க), எம்வி (நகர்த்த) எல்லாம் தானாக வந்துவிடும். கோப்பின் பெயரில் முதல் சில எழுத்துகளை அடித்து டேப் தட்டினால் மீதியை டெர்மினலே நிரப்பிக்கொள்ளும்.

நிர்வாகி அனுமதியோடு இயக்கு என்று சொல்லும் சுடோ போட்டுக் கட்டளை கொடுத்தால் கடவுச்சொல் கேட்கும். அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. கீபோர்டு வேலை செய்யவில்லையோ என்று தோன்றும். அடித்து என்டர் தட்டினால் போதும், அதன் வழக்கமே அப்படித்தான். கணினியின் அமைப்பையே மாற்றும் வேலைகளுக்கு மட்டும் இப்படி அனுமதி கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி தமிழ். மெனுவில் ‘இன்புட் மெத்தட்’ திறந்து பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, தமிழ் விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் தொகுப்பையும் நிறுவி, லாக்அவுட் செய்து மீண்டும் நுழைந்தேன். ஐபஸ் அமைப்புகளில் தமிழ்99 விசைப்பலகை இருந்தது, ஒலிப்புப்படி ஆங்கில எழுத்துகளில் அடிக்கும் ஃபொனெடிக்கும் இருந்தது. சூப்பர் சாவியோடு (விண்டோஸ் சின்னம் உள்ள சாவி) ஸ்பேஸ் தட்டினால் ஆங்கிலமும் தமிழும் மாறும். பதிப்பகங்கள் அனுப்பும் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் உள்ள கோப்புகளுக்கு, அந்த எழுத்துருவை இரட்டைச் சொடுக்கில் நிறுவியதும் லிப்ரே ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருளில் எழுத்துகள் ஒழுங்காகத் தெரிந்தன. டெர்மினலில் மட்டும் தமிழ் உருக்குலைகிறது. ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் ஆளுக்கொரு இடத்தில் நிற்கும். அது காட்சிக் குறைதான். தமிழில் பெயரிட்ட கோப்புகளை நகலெடுப்பதும் நகர்த்துவதும் பிசகில்லாமல் நடக்கின்றன. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் டெர்மினலில் தமிழ் இப்படித் தெரிவது எனக்கு வருத்தமே. நிரல் எழுதத் தெரிந்த தமிழர்கள் யாராவது இதைக் கையில் எடுக்க வேண்டும்.

இப்போது தட்டச்சும் மெய்ப்பும் முழுக்க மின்ட்டில்தான் நடக்கிறது. பக்க வடிவமைப்புக்கு இன்டிசைன் மென்பொருளைக் கேட்கிறவர்கள் வந்தால்தான் விண்டோஸ் பக்கம் போகிறேன், இன்டிசைனுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன விண்டோஸ் என்பதால் அப்போதும் வைஃபையை அணைத்துவிட்டுத்தான் வேலை. முடிந்த பிடிஎஃப்பை மின்ட்டுக்கு வந்து அனுப்புகிறேன்.