களும்பாங்கில் ஒரு பயிற்சிக்கூடம்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்து வடகோடியில், தஞ்சோங் மாலிமுக்கு அருகே உள்ள எங்கள் களும்பாங் பட்டணத்தில் மைஸ்கில்ஸ் அறவாரியத்தின் வளாகம் இருக்கிறது. பள்ளியைப் பாதியில் விட்ட இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்பித்து வேலைக்கு அனுப்பும் இந்த அறவாரியம் 2011-இல் தொடங்கியது. ஆனால் அதன் தேவை எங்கள் தாத்தா காலத்திலேயே தொடங்கிவிட்டது.

தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. சிவப்பு அடையாள அட்டைக்காரர், அதாவது இங்கே குடியிருந்தும் குடியுரிமை இல்லாதவர். குடியுரிமை இல்லாதவர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்று 1968-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின், சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பியதாக மதிப்பிடுகிறார்கள். தாத்தாவின் தம்பியும் பினாங்கில் ரஜூலா கப்பலேறிப் போனவர்தாம். இருபது வருடம் வெட்டுக்கத்தி பிடித்தவருக்குத் தொழில் தெரியாமலா போயிற்று? கையில் ஒரு தாள் இல்லை, அவ்வளவுதான்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் காலியாயின. பட்டணத்துக்கு வந்த பிள்ளைகளின் படிப்புக்காக 1979-இல் கல்வி சமூகநல ஆய்வு அறவாரியம் எழுந்தது. அதில் உழைத்த வழக்கறிஞர் பசுபதிதான் பின்னாளில், படிப்பு ஏறாத பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கவலையோடு மைஸ்கில்ஸ் உருவாக முன்னின்றார். தேர்வில் தோற்ற பிள்ளையைத் தோற்ற மனிதனாக நடத்தாத அந்த நோக்கத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

சென்ற மாதம் எங்கள் வீட்டில் மின்விசிறி மாட்ட வந்த தம்பி, இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டு அங்கே பயின்றவன். மெயின் சுவிட்சை அடைத்த பிறகும், ஒவ்வொரு கம்பியிலும் டெஸ்ட் பென்னை இருமுறை வைத்துப் பார்த்துவிட்டே கை வைத்தான். வேலை முடிந்ததும் ரசீதில் மெதுவாக, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினான்.

அவனுக்கு உதவியாக வந்த பையனும் கெட்டிக்காரன்தான். ஆனால் பிறந்தபோது பதியாமல் விட்டதால் பிறப்புப் பத்திரம் இல்லை. அதனால் அடையாள அட்டையும் இல்லை. நிரந்தர வேலைக்கு எடுக்க முதலாளிகள் தயங்குகிறார்கள். ஏறிட்டுப் பார்க்காமலே அவன் இதைச் சொன்னபோது, எனக்குத் தாத்தாவின் தம்பி ஞாபகம்தான் வந்தது. திங்கட்கிழமை அவன் தாயாரோடு பதிவு அலுவலகத்துக்கு நானும் போகிறேன்.