இரண்டு மணிக்குப் பிறகு

ஜனவரி 9, அதிகாலை 3.10

இப்போது தூங்கினாலும் மூன்று மணி நேரம் கிடைக்கும். நள்ளிரவில் இதே கணக்கு ஆறு மணி நேரத்தில் தொடங்கியது.

ஜனவரி 10

கண் எரிகிறது, கை கால் துவண்டு கிடக்கிறது, ஆனால் மதியம் சாய்ந்து படுத்தால் இமைகூடக் கனப்பதில்லை. களைப்பு வேறு, தூக்கம் வேறு என்பதை நலமாக இருப்பவர்களுக்கு விளங்கவைப்பது கடினம். இரவெல்லாம் விழித்திருந்தவர் பகலிலாவது அடித்துப்போட்டாற்போல் தூங்குவார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

ஜனவரி 12, அதிகாலை 2.05

மறுபடியும் இரண்டு மணி. அந்த அறையில் மருந்துக்காகக் காத்திருப்பவர் யாருமில்லை, அலாரத்தை அணைத்தும் நாளாகிவிட்டது, ஆனாலும் யாரோ தோளைத் தொட்டு எழுப்பியதுபோல் இதே நேரத்துக்கு விழிப்பு வருகிறது. எழுந்துபோய் அந்தக் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். பீரோ சாவியை யாரிடம் கொடுத்தார் என்பது இன்னும் தெரியவில்லை.

ஜனவரி 13

தூங்கவில்லை.

ஜனவரி 16

படுத்ததும் தூங்கிவிடுபவர்கள்தான் அதிகமாக யோசனை சொல்கிறார்கள். இன்று கேட்டவற்றில் காபியைப் பற்றியது மட்டும் உருப்படியானது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போய்த் தூக்கத்தை வரவழைக்கிறது; காபியில் உள்ள காஃபின் அந்தக் களைப்பை நீக்குவதில்லை, அடினோசின் வந்து அமர வேண்டிய இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. குடித்ததில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகுமாம். மாலைக் காபியை விட்டுவிட்டேன். அதனால் இன்றிரவு தூங்கிவிடுவேன் என்று நம்பும் அளவுக்கு நான் புதியவள் அல்ல.

ஜனவரி 20

மாத்திரை எழுதித் தருவார் என்று போனேன். மருத்துவர் ஒரு மணி நேரம் கேள்விகளே கேட்டார். வாரத்தில் குறைந்தது 3 இரவுகள், 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை என்றார். அதை மூட்டிவிட்ட காரணம் ஒன்று, அணையாமல் வைத்திருக்கும் காரணம் வேறொன்று என்றும், மூட்டியது மறைந்த பிறகும் மற்றது தன் போக்கில் எரிந்துகொண்டிருக்கும் என்றும் அவர் சொன்னபோது நான் அலாரத்தை நினைத்துக்கொண்டேன். இழந்த தூக்கத்தை ஈடுகட்ட நான் ஒன்பதரைக்கே படுப்பதும், விடிந்த பிறகும் எழாமல் கிடப்பதும்தான் அந்த இரண்டாவது காரணமாம்.

ஆகவே சிகிச்சை தலைகீழாக இருக்கிறது. இரவு 12.30க்கு முன் படுக்கக் கூடாது. எப்படித் தூங்கியிருந்தாலும் காலை 6 மணிக்கு எழுந்துவிட வேண்டும். படுத்துச் சுமார் 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய், கண் சொக்கிய பிறகே திரும்ப வேண்டும். படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று உடல் பழகிவிட்டதாம், அந்தப் பழக்கத்தை முறிக்க வேண்டுமாம். முதல் சில வாரங்கள் பகலில் தூக்கக்கலக்கம் கூடுதலாக இருக்கும், வண்டி ஓட்டாதீர்கள் என்று எச்சரித்தும் அனுப்பினார். வீட்டுக்கு வந்து சந்தேகத்தோடு தேடிப் பார்த்தேன். நாள்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்களுக்கு மாத்திரைக்கு முன்பாக இந்த வகை நடத்தைச் சிகிச்சையைத்தான் முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இலேயே பரிந்துரைத்திருக்கிறது. சரியானதாகவே இருக்கட்டும். தூங்க முடியாதவளிடம் இன்னும் குறைவாகப் படுத்திரு என்று சொல்வதில் ஒரு கொடுமை இருக்கத்தான் செய்கிறது.

ஜனவரி 21

கடிகாரத்தையும் கைப்பேசியையும் கூடத்தில் வைத்தாயிற்று. இனி இந்தக் குறிப்புகளில் மணி இருக்காது.

ஜனவரி 24

மணி தெரியாத இருட்டில் கணக்குப் போட எதுவும் இல்லை. அதனால் மனம் சாவிக்குப் போய்விடுகிறது. கடைசி வாரத்தில் தலையணைக்கு அடியில் பார்த்தேனா, அல்லது பார்த்ததாக நினைக்கிறேனா? பக்கத்தில் அவர் சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு மனிதர் மூச்சுவிடுவதற்காக அவர்மேல் இவ்வளவு கோபம் வரக்கூடுமா?

ஜனவரி 25

பட்டப்பகலில் அது வெறும் சாவி. பூட்டுக்காரரை அழைத்தால் கால் மணி நேர வேலை.

ஜனவரி 28

இரவு முழுவதும் கண்ணை மூடவில்லை என்று காலையில் சொன்னேன். "நீ குறட்டை விட்டாய்" என்றார் அவர். அழுகையே வந்துவிட்டது. பிறகுதான் மருத்துவர் சொன்னது நினைவுக்கு வந்தது: தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் அலைகளைப் பதிவுசெய்து பார்த்தால், இமைக்கவே இல்லை என்று சாதிப்பவர்களில் சிலர் பல மணி நேரம் தூங்கியிருப்பது தெரியவருமாம், அவர்கள் பொய் சொல்வதில்லை, அந்தத் தூக்கம் அவர்களுக்குத் தூக்கமாகவே படுவதில்லை. இதில் எனக்கு ஆறுதல் இல்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றால், அந்தச் சாவியைத் தேடி அறை அறையாக மனத்துக்குள் அலைந்துகொண்டிருந்தது யார்? விழித்திருந்தேன் என்பதையாவது நான் உறுதியாக நம்பியிருந்தேன், இப்போது அதையும் பறித்துக்கொண்டார்கள். கோழித்தூக்கமாக இருந்திருக்கும் என்று அவரே சமாதானம் சொன்னார். குறட்டை விடுகிற கோழியை நான் பார்த்ததில்லை.

ஜனவரி 30

மாலை ஏழு மணிக்கு நாற்காலியில் தலை தொங்கிவிட்டது. அவர் உலுக்கி எழுப்பினார். 12.30 வரை விழித்திருப்பதற்காக நான், தூக்கம் வராதவள், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு கூடத்தில் நடந்தேன். சிரிப்பு வந்தது.

பிப்ரவரி 2

படுத்தது நினைவிருக்கிறது. அதன் பிறகு நினைவில் இருப்பது வெளிச்சம்தான்.

பிப்ரவரி 3

நேற்றிரவு மறுபடியும் பழைய கதை. நன்றாகத் தூங்கிய மறுநாள் இப்படி ஆகும்போது வரும் பயம், தொடர்ந்து தூங்காத நாட்களில் வருவதைவிடப் பெரிது. எழுந்துபோய்க் கூடத்தில் உட்கார்ந்தேன். கடிகாரத்தின் பக்கம் திரும்பவில்லை.

பிப்ரவரி 6

படுத்திருந்த நேரத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல் தூங்கியிருந்தால்தான் அடுத்த வாரம் கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கலாம். கணக்கை நான் எழுதுவதா, அவர் எழுதுவதா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். என் குறிப்பின்படி தேறவில்லை. குறட்டையைச் சேர்த்துக்கொண்டால் தேறிவிடும். இரண்டு மணி விழிப்பைப் பற்றி இன்னும் மருத்துவரிடம் வாய் திறக்கவில்லை, அதையும் திங்கட்கிழமை