இடப்பக்கக் குழிகள்: தலைக்காயத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆடிய ஆட்டங்கள்

கடலூர்–புதுச்சேரி சாலையில் நடந்த பைக் விபத்தில் என் கணவருக்குத் தலையில் பலத்த அடி. மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்கட்டு. புதுச்சேரியில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்து முதுநகர் வீட்டுக்கு வந்தபோது இடது கை மடங்கி மார்போடு ஒட்டியிருந்தது. என்னை அதைவிடப் பயமுறுத்தியது அவர் சாப்பிட்ட விதம். தட்டின் வலப்பக்கச் சோற்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடு" என்பார். இடப்பக்கச் சோறு அப்படியே கிடக்கும். கண்ணில் ஒரு குறையும் இல்லை. மூளையின் வலப்பக்கம் அடிபட்டவர்கள் சிலருக்கு இடப்பக்கத்தில் இருப்பது எதுவும் கவனத்துக்கே வராது என்று, அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் மேடம் விளக்கினார்.

அப்புறம் மேடம் கேட்டார்: "வீட்ல பல்லாங்குழி இருக்காம்மா?"

என் மாமியாரின் மரப் பல்லாங்குழி பரணிலிருந்து இறங்கியது. ஆளுக்கு 7 குழி, மொத்தம் 14. புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே சுற்றி வரவேண்டும். இவர் இடக்கோடிக் குழிகளைத் தாண்டிப் போய்விடுவார், தாண்டியதே தெரியாது. மேடம் பலகையின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டச் சொன்னார். ஒவ்வொரு முறை காய் எடுக்குமுன்னும் கண் அந்தச் சிவப்பைத் தேடிப் பிடித்து, விரல் அதைத் தொடவேண்டும். அதற்குப் பிறகுதான் ஆட்டம். ஒரு குழியில் 4 காய் சேர்ந்தால் பசு அல்லவா? இடப்பக்கம் பசு நிற்கும், இவர் பார்க்கமாட்டார். அத்தைக்குப் பொறுக்காது. "டேய், அங்க பசு நிக்குதுடா!" என்பார். முதலில் அப்படிச் சொல்லலாம், பிறகு பலகையைத் தட்டினால் போதும், கடைசியில் பேசாமல் இருங்கள் என்று மேடம் படிப்படியாக அத்தையையும் பழக்கினார். உதவியைக் குறைத்துக்கொண்டே வருவதுதான் சிகிச்சை என்று எனக்கு அப்போது புரிந்தது.

கைக்குக் கேரம் போர்டு. பிசியோ தம்பி சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. இறுகிப்போன கைக்கு மூடுவது சுலபம், விரிப்பதுதான் கஷ்டம். ஸ்ட்ரைக்கரைச் சுண்டும்போது விரல் வெளியே நீளவேண்டும். கையின் எடையைப் பலகையே தாங்குவதால் தோளும் இழுபடாது. ஆரம்பத்தில் இவரால் சுண்ட முடியவில்லை, விரல் முதுகால் தள்ளினார். தள்ளுவதற்காக உடம்பையே சாய்த்தால் அதை மட்டும் தடுக்கச் சொன்னார் தம்பி. மூளை புது வழியைப் பழக ஒரே அசைவை ஏராளமான தடவை செய்தாகவேண்டும். "கையை நீட்டுங்க, மடக்குங்க" என்றால் சீக்கிரம் சலித்துவிடுகிறார். என் மகனோடு கேரம் என்றால் விளக்கு வைக்கும் நேரம்வரை ஆடுகிறார்.

ஆனால் தலைக்காயம் பட்டவருக்குக் களைப்பும் கோபமும் சட்டென்று வரும். ஒருநாள் தோற்ற கோபத்தில் பலகையைக் கவிழ்த்துவிட்டார். அதிலிருந்து டிவியை நிறுத்திவிட்டு, சிறிது நேரம் ஆட்டம், பிறகு ஓய்வு என்று மாற்றினோம். அத்தை விட்டுக்கொடுத்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார். அதனால் ஆரம்பத்திலேயே இவருக்குக் கூடுதல் காய் கொடுத்துவிட்டு நியாயமாக ஆடினோம்.

சிகிச்சைக்குப் போன இடத்தில் கேமரா முன் நின்று கையை அசைத்துத் திரையில் பலூன் உடைக்கும் விளையாட்டும் இருந்தது. அதற்குப் பெரிய செலவு செய்யவேண்டுமா என்று யோசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கவாதம் வந்தவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2017இல் வெளியிட்ட அறிக்கை, கை அசைவுக்கு இத்தகைய விளையாட்டுகள் வழக்கமான பயிற்சியைவிட மேல் என்று சொல்லவில்லை. வழக்கமான பயிற்சியோடு சேர்த்துப் பயிற்சி நேரத்தைக் கூட்டினால் பலன் உண்டு என்கிறது. வலிப்பு வந்தவர்கள் மின்னும் திரைக்கு முன் உட்காருமுன் டாக்டரைக் கேட்டேயாகவேண்டும்.

அங்கே பண்ருட்டிப் பக்கத்துப் பையன் ஒருவனையும் பார்ப்போம். மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்து பந்து பிடிப்பதுதான் அவனுக்கு ஆட்டம். உட்காரும் நிலை தடுமாறாமல் இருக்க அது பழக்குகிறது. விளையாட்டில் மூழ்கி ஒரே இடத்தில் உட்கார்ந்தால் படுக்கைப்புண் வரும், வலியும் தெரியாது. அதனால் இடையிடையே இரு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கிவிட்டுத்தான் அடுத்த பந்து. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர், முதுகுத்தண்டு அடிபட்ட போர்வீரர்களுக்கு விளையாட்டையே சிகிச்சையின் பகுதியாக்கினார். 1948இல் அங்கே 16 பேரோடு தொடங்கிய வில்வித்தைப் போட்டியிலிருந்து வளர்ந்ததுதான் பாராலிம்பிக்ஸ். இதைக் கேட்ட நாளிலிருந்து அந்தப் பையன் பந்தை எறியும் வேகமே மாறிவிட்டது.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பல்லாங்குழியில் இடப்பக்கப் பசுவை எடுக்கத் தொடங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் குதித்தோம். மேடம்தான் நிறுத்தினார். ஆட்டத்தில் வந்தது வாழ்க்கைக்குத் தானாக வந்துவிடாது, தனியாகக் கொண்டுவரவேண்டும் என்றார். அதே சிவப்பு டேப்பைத் தட்டின் இடது ஓரத்திலும் கதவு நிலையிலும் ஒட்டினோம். இப்போது தட்டைக் காலி செய்கிறார், சட்டைப் பொத்தானுக்கு இடது கையும் உதவுகிறது. சாலையைத் தனியாகக் கடக்க இன்னும் விடுவதில்லை. பைக்கைத் தொடுவதே இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், எந்த ஆட்டம் என்று கேட்பதைவிட, எந்த அசைவு வரவேண்டும், எதைச் செய்யவிடக் கூடாது என்று தெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். ஆட்டத்தை அதற்கேற்ப அவர்களே மாற்றித் தருவார்கள். வெளியே போகமுடியாத நிலையில் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தமிழ்நாட்டில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள்.