கெர்ஷாவை 80 பந்துகளில் நிறுத்தியது சரிதான்

2022 ஏப்ரல் 13, மினியாபொலிஸ். நல்ல குளிர். அமெரிக்க பேஸ்பால் அணியான டாட்ஜர்ஸின் பிட்சர் (பந்து வீசுபவர்) கிளேட்டன் கெர்ஷா, 9 இன்னிங்ஸ் ஆட்டத்தில் 7 இன்னிங்ஸை 80 பந்துகளில் வீசி முடித்தபோது எதிரணியில் ஒருவர்கூட முதல் பேஸை எட்டவில்லை. 13 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பு). மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் அத்தோடு அவரை நிறுத்திவிட்டார். எதிரணியில் ஒருவரையும் பேஸை எட்டவிடாமல் முழு ஆட்டத்தையும் முடிப்பதுதான் பெர்ஃபெக்ட் கேம்; அது அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் வரலாற்றில் அதுவரை 23 முறைதான் நடந்தது. ரசிகர்களின் கோபம் புரிகிறது. ஆனாலும் ராபர்ட்ஸ் செய்தது சரி என்றே சொல்வேன்.

2021 அக்டோபரில் முன்கை வலியால் பிளேஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் நாக்அவுட் சுற்றுகள்) முழுவதையும் இழந்தவர் கெர்ஷா. அணி உரிமையாளர்கள் அறிவித்த லாக்அவுட்டால் (கதவடைப்பு), சீசனுக்கு முந்தைய வசந்தகாலப் பயிற்சியும் சுருங்கியிருந்தது. கை இன்னும் 100 பந்துகளுக்குப் பழகவில்லை.

பந்தை வீசும்போது முழங்கையின் உட்புறத் தசைநார் (எலும்புகளை இணைக்கும் நார்) வெளிப்பக்கமாக இழுபடும். அந்த இழுவையில் ஒரு பங்கை முன்கைத் தசைகள் தாங்குகின்றன. அவை களைத்தால் சுமை தசைநார்மேல் ஏறும். அறிகுறிகள் உண்டு: வேகம் மணிக்கு ஓரிரு மைல் குறையும், கை தாழும், கீழே விழவேண்டிய பந்து மேலேயே நிற்கும். முன்கை இறுகுகிறது என்று பிட்சர் சொன்னால் அன்றைக்கு இன்னொரு பந்துகூட வேண்டாம்.

அந்தத் தசைநார் கிழிந்தால், அதைச் சீரமைக்கும் ‘டாமி ஜான்’ அறுவை சிகிச்சைதான். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதலில் செய்தது. வேறிடத்துத் தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) எடுத்து, எலும்பில் துளையிட்டுக் கோத்துக் கட்டுவார்கள். மீண்டும் களமிறங்கப் பொதுவாக 12 முதல் 18 மாதம். ஒரு முழு சீசனே போய்விடும்.