ஆரல் பார்க்கும் குருகு

ஜூன் 3, செவ்வாய்

மகள் பதினொன்றாம் வகுப்பு. பொழிப்புரை தலைகீழ்ப் பாடம். 'இதனால் பெறப்படுவது யாது' என்று கேட்டால் மட்டும் பேனா ஓடாது. சரி என்று குறுந்தொகை 25ஐ எடுத்தேன். கபிலர் பாட்டு, ஐந்தே அடி.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அதாவது: அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவன் பொய்த்தால் நான் என்ன செய்வேன்? அவன் என்னோடு கூடிய அன்று, தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகும் (கொக்கும்) இருந்தது.

யார் யாரிடம் சொன்னது என்கிற கூற்று வரியைப் பஸ் டிக்கெட்டால் மறைத்துவிட்டேன்.

"ஏமாத்திட்டுப் போயிட்டான்" என்றாள் முதலில். அப்புறம் அவளே நிறுத்தி, "இல்லப்பா, 'பொய்ப்பின்'னுதானே இருக்கு. இன்னும் பொய்க்கல. பயப்படுறா." இத்தனை வருஷத்தில் நான் அந்த 'இன்'னில் நின்றதே இல்லை.

ஜூன் 4, புதன்

குருகு சாட்சி, அது தலைவிக்கு ஆறுதல் என்றுதான் கல்லூரியில் எழுதி மார்க் வாங்கினேன். இவள், "அது மீனைத்தானே பாத்துச்சு?" என்கிறாள்.

ஆரலைப் பற்றி அம்மாவிடம் கேட்டோம். "சேத்துக்குள்ள நுழைஞ்சிக்கும்டி. சாம்பல் போட்டுத் தேச்சாத்தான் கையில நிக்கும். கொக்கு கண்ண எடுத்துச்சுன்னா மீன் போச்சு."

ஆக, இருந்த ஒரே சாட்சியும் எதையும் பார்த்திருக்காது. 'யாரும் இல்லை' என்று தொடங்கியவள், தேடித் தேடிக் கடைசியில் கொக்கையும் கணக்கில் சேர்க்கிறாள். 'குருகும்' என்பதில் உள்ள 'உம்' பாவமாக இருக்கிறது.

ஜூன் 7, சனி

உற்சாகம் மிஞ்சிப்போய், குருகுதான் தலைவன், ஆரல்தான் தலைவி என்று அளந்துவிட்டேன். "எந்தச் சொல்லுல இருக்கு?" என்றாள். 'ஒழுகுநீர்' என்று ஏதோ முனகினேன். ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டுவிட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

டிக்கெட்டை எடுத்தோம். வரைவு நீட்டித்தபோது தலைவி தோழிக்குச் சொன்னது. கல்யாணம் தள்ளிப்போகிறது, 'பொய்ப்பின்' பற்றி மகள் சொன்னது சரிதான். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

தினைப்புனம் காத்தவளுக்குத்தான் கொக்கின் காலைப் பார்த்ததும் தினைத்தாள் நினைவுக்கு வரும் என்றேன். ஒத்துக்கொண்டாள். "ஆனா மூக்கு, இறக்கை எல்லாம் விட்டுட்டு ஏன் கால மட்டும் சொல்றா? தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தாளோ?"

"எந்தச் சொல்லுல இருக்கு?" இப்போது என் முறை.

'சிறுபசுங் கால' மேல் விரலை வைத்தாள். பென்சிலை எடுத்தேன். இன்னும் கையிலேயே இருக்கிறது.