ஏதாவது ஒரு பக்கம் உட்கார்

"போரில் மூன்றாவது பக்கம் கிடையாதும்மா. ஏதாவது ஒரு பக்கம் போய் உட்கார்" என்றேன். சொல்லும்போதே அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும்.

கொரியப் போர் பாடம். ஜன்னல் பக்கம் வடக்கு, கதவுப் பக்கம் தெற்கு என்று பிரித்து வாதாட விட்டிருந்தேன். அந்தப் பெண் மட்டும் நடுவில் நின்றாள். "ரெண்டு பக்கமும் கொரியாக்காரங்கதானே சார்? நான் எதுக்கும் போகல." நான் அதட்டியதும் பக்கத்தில் இருந்த வடக்கு பெஞ்சில் உட்கார்ந்தாள். மணி அடிக்கும்வரை வாயே திறக்கவில்லை.

என் பக்கமும் நியாயம் இருந்தது. 'ரெண்டு பேரும் தப்பு' என்று சொல்லிவிட்டால் அப்புறம் எதையும் படிக்க வேண்டியதில்லை. 1950 ஜூனில் படையெடுத்தது வடக்கின் தலைவர் கிம் இல் சுங். ஆனால் தெற்கின் அதிபர் சிங்மன் ரீயும் படைபலத்தால் நாட்டை ஒன்றாக்கத் துடித்தவர்தான். இருவருமே முழுக் கொரியாவும் தன்னுடையது என்றார்கள். ஒரு தரப்பில் நின்று பேசிப் பார்த்தால்தான் அதன் பயமும் பிடிவாதமும் புரியும். இதை இன்றும் நம்புகிறேன்.

ஆனால் அந்த 88 பேர்? 1953 ஜூலையில் சண்டை நின்ற பிறகு, ஊர் திரும்ப மறுத்த 22,000க்கும் அதிகமான கைதிகளைக் காவல் காத்தது இந்தியப் படை. இந்தியத் தளபதி திம்மையா தலைமையிலான நடுநிலை நாடுகளின் ஆணையத்தின் முன்னால் கைதிகளைக் கூடாரத்துக்குள் அழைத்து, அவர்கள் நாட்டுப் பிரதிநிதிகள் 'வந்துவிடு' என்று பேசினார்கள். வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்ற 76 கொரியர்களும், வடக்குக்காகச் சண்டையிட வந்து, கம்யூனிஸ்ட் சீனாவும் தைவானும் வேண்டாம் என்ற 12 சீனர்களும் 1954 பிப்ரவரியில் நம் படையோடு கப்பலில் மதராஸ் வந்து இறங்கினார்கள்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். 'நேற்று நீ கேட்டது சரி' என்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த முறை எல்லோரும் நடுவில் வந்து நிற்பார்கள் என்று நினைத்தேன். அது காரணமா, சாக்கா, தெரியவில்லை.

அவள்தான் கையைத் தூக்கினாள். "அவங்க அம்மா அப்பா எங்க இருந்தாங்க சார்?"

"பெரும்பாலும் வடக்கில்."

"அப்புறம் பார்க்கவே முடியலையா?"

"பெரும்பாலும் முடிந்திருக்காது."

அப்படியானால் நான் முதல் நாள் சொன்னது ஒரு வகையில் சரிதானோ என்று அந்த நிமிடம் தோன்றியது. எந்தப் பக்கமும் போகாதவனுக்கு வீடும் இல்லாமல் போனது. ஆனாலும் அவர்களை யாரும் அதட்டி உட்கார வைக்கவில்லை. கூடாரத்தில் கேட்டார்கள், பதிலுக்குக் காத்திருந்தார்கள். நான் அவளிடம் கேட்கக்கூட இல்லை.