‘அருகிய இனம்’ என்று ஒரு செடிக்கு எழுதி முடித்த கதை

பாறைச் சரிவுகளில் மட்டும் வளரும் ஒரு கிழங்குச் செடியை, உயிரினங்களை அவற்றின் அழியும் ஆபத்துக்கேற்ப வகைப்படுத்தும், இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலுக்காக மதிப்பிட்டு முடிக்க எனக்கு இரண்டு பூக்கும் பருவங்கள் ஆயின. செடியின் பெயரையும் இடத்தையும் நான் எழுதப்போவதில்லை. அரிய செடி இருக்கும் இடம் தெரிந்தால் கிழங்கைத் தோண்டிச் செல்ல ஆட்கள் வந்துவிடுகிறார்கள்.

உலர்த்திய செடிகளைச் சேமித்து வைக்கும் ஹெர்பேரியங்களில் இருந்த பழைய மாதிரிகளின் குறிப்புச் சீட்டுகள்தான் தொடக்கம். அவற்றில் ஆயத்தொலைவுகள் இல்லை, மலையின் பெயரும் சரிவின் திசையும் மட்டுமே இருந்தன. அவற்றைக் கொண்டு நான்கு இடங்களை அடையாளம் கண்டேன். மூன்றில் செடி இருந்தது. நான்காவது, கல்குவாரியாக மாறியிருந்தது. அதன் விளிம்பில் நின்று சீட்டின் நகலை மறுபடி மறுபடி படித்தது இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை.

எண்ணுவது எளிது என்று நினைத்திருந்தேன். முளைத்திருந்த எல்லாவற்றையும் எண்ணியபோது முந்நூறைத் தாண்டியது. ஆனால் விதிப்படி கணக்கில் வருபவை முதிர்ந்த தனியன்கள், அதாவது இனப்பெருக்கம் செய்யும் திறனுள்ளவை மட்டுமே. முதல் ஆண்டு ஒற்றை இலையோடு நின்ற சில செடிகள் அடுத்த ஆண்டு பூத்ததால், ஒரே பருவத்தைப் பார்த்துவிட்டு அவற்றை இளஞ்செடிகள் என்று ஒதுக்கியிருந்தால் பிழையாகியிருக்கும். அடையாளமிட்டுத் தொடர்ந்து பார்த்த பின் 187 என்ற எண்ணுக்கு வந்தேன்.

முதல் வரைவில், ‘அருகிய இனம்’ என்பதைவிடக் கூடுதல் ஆபத்தைக் குறிக்கும் ‘மிக அருகிய இனம்’ என்று எழுதினேன். செடிகள் நிற்கும் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு, எல்லாம் ஒரே மலைத்தொடர், ஆகவே ஓர் இடம் என்பது என் வாதம். மதிப்பாய்வாளர் இரண்டையும் ஏற்கவில்லை. வாழிடப் பரப்பை 2 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களால் அளக்க வேண்டும். மூன்று கட்டங்கள் என்றால் 12 சதுர கிலோமீட்டர், மிக அருகிய நிலைக்கான வரம்போ 10-க்குக் கீழ். ‘இடம்’ என்பதும் நிலப்பரப்பு சார்ந்த சொல் அன்று, ஒரே அச்சுறுத்தல் ஒரே வீச்சில் பாதிக்கக்கூடிய பகுதியையே அது குறிக்கிறது. குவாரியை ஒட்டிய இரு கூட்டங்கள் ஓர் இடம், கால்நடைகள் மேயும் மூன்றாவது கூட்டம் இன்னோர் இடம். ஆக இரண்டு.

முதலில் வருந்தினேன். கூடுதல் ஆபத்தான வகைமை கிடைத்தால்தான் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பதைப்பு என் வரைவுக்குள் புகுந்துவிட்டது என்பதை, இரு பிழைகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்ததைப் பார்த்த பிறகே உணர்ந்தேன். அதே சமயம், வாழிடத்தின் தரம் தொடர்ந்து குறைகிறது என்ற என் கூற்றை அவர் கைவிடச் சொல்லவில்லை. குவாரியின் விளிம்பை இரு ஆண்டுகளிலும் அளந்து வைத்திருந்தது அதற்குச் சான்றாயிற்று.

பரப்பு, இடங்களின் எண்ணிக்கை, தொடர்ந்து குறைந்துவரும் நிலை ஆகியவற்றைக் கொண்ட பி அளவுகோலின்படியும், 250-க்கும் குறைவான முதிர்ந்த தனியன்கள் என்ற டி அளவுகோலின்படியும் ‘அருகிய இனம்’ என்று திருத்தி அனுப்பினேன். மறுபேச்சின்றி ஏற்கப்பட்டது. துல்லியமான ஆயத்தொலைவுகளைப் பொதுவெளியில் வெளியிட வேண்டாம் என்ற கோரிக்கையையும் வரைபடத்தோடு சேர்த்திருந்தேன். பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட மதிப்பீடு காலாவதியானதாகக் கருதப்படும் என்பதால், அடையாளமிட்ட செடிகளின் குறிப்பேட்டை மூடவில்லை. வரும் பருவத்தில் மூன்றாவது கூட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.